மலட்டுக் கதிரும் விதையின் உரிமையும்

வரலாறு என்றதும் மன்னர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே நம் மாணவர் நினைவில் முன்னிற்கின்றன. உழுதவன் வரலாறு அவற்றுக்குப் பின்னால் ஒரு பந்தியில் அடங்கிவிடுகின்றது. உழுதவன் கையிலிருந்த விதையின் வரலாறோ அப்பந்தியிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும், ஒரு சமுதாயத்தின் அடித்தளம் எத்தகையது என்று அறிய விரும்புவோர் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று, அச்சமுதாயத்தில் அடுத்த போகத்துக்கான விதை யாரிடம் இருந்தது என்பதாகும். நிலம் யாருக்கு உரியது என்ற கேள்விக்குச் சற்றும் குறையாத கனம் இக்கேள்விக்கும் உண்டு. ஒரு தானியத்தின் பூவிலே தோன்றிய குறைபாடொன்றின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய இக்கட்டுரையில் முனைகின்றோம். தானியம் வாற்கோதுமை. குறைபாடு, அதன் பூவின் ஆண்பகுதி மலடாதல்.

முதற் குறை

நம் நாட்டிலே வாற்கோதுமை வயற்பயிராக அறியப்பட்டதன்று. பார்லி என்ற பெயரிற் கடையில் வாங்கி, நீர்க்கடுப்புக்கும் உடற்சூட்டுக்கும் காய்ச்சிக் குடிக்கும் பொருளாகவே அதனை நம்மவர் அறிவர். வடமொழியாளர் யவம் என்பதும் இதனையே. ஆனால் மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் வட ஆபிரிக்காவிலும் எதியோப்பிய மேட்டுநிலத்திலும் திபெத்திலும் இது கோடிக்கணக்கான மக்களின் உணவாகவும் கால்நடைத் தீனியாகவும் இருந்து வந்துள்ளது. உவர் நிலத்தையும் வரட்சியையும் கோதுமையைக் காட்டிலும் தாங்கவல்லதாதலின், ஏழை நிலத்து ஏழை உழவனின் தானியம் என்ற பெயர் இதற்குப் பொருந்தும்.

ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய சிரியா, பலஸ்தீனம், இஸ்ரேல், ஈராக், தென் துருக்கி, ஈரான் ஆகியன அடங்கிய பிறைவடிவ வளநிலத்தில் இது காட்டுப் புல்லாக வளர்ந்தது. இன்றும் அங்கே அக்காட்டுப் புல் வளர்கின்றது. காட்டு வாற்கோதுமையின் கதிர் முற்றியதும் கணுக்கணுவாக உடைந்து மணிகள் நிலத்திற் சிந்தும். புல்லின் வாழ்வுக்கு அது இன்றியமையாதது. அறுக்க வந்த மனிதனுக்கோ அது பேரிழப்பு. எங்கோ சில செடிகளில் இந்த உடையும் இயல்பு கெட்டுப்போயிற்று. மணிகள் கதிரிலேயே தங்கின. அவ்வாறு தங்கிய மணிகளே அறுப்பவன் கைக்கு மிகுதியாக வந்தன. அவையே மீண்டும் விதைக்கப்பட்டன. அடுத்தடுத்து அமைந்த இரு பரம்பரையலகுகளில் ஏதேனும் ஒன்று பழுதுற்றமையாலேயே இது நிகழ்ந்தது என்பதை 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்று தெளிவாக்கிற்று.

செடிக்குக் குறையாயிருந்தது மனிதனுக்குப் பேறாயிற்று. இங்கே நாம் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த முதற் குறையைக் கண்டெடுத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அதற்கு உரிமை கோரியவரும் இல்லை. ஒருவன் வயலிலிருந்து இன்னொருவன் வயலுக்கும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கும், சீர்வரிசையாகவும் கடனாகவும் பண்டமாற்றாகவும் அந்த விதை சென்றது. மனித இனம் முழுவதற்கும் பொதுச்சொத்தாக அது பரவிற்று. இரண்டாவது குறையின் வரலாறு இதற்கு நேர்மாறானது.

பூவின் பூட்டு

வாற்கோதுமைப் பூவின் அமைப்பு இவ்வரலாற்றுக்கு அடிப்படையாகும். நெல்லைப் போலவே இதன் ஒவ்வொரு பூவிலும் ஆண்பகுதியும் பெண்பகுதியும் ஒருங்கே உள்ளன. பெரும்பாலான வகைகளில் கதிர் உறையைவிட்டு முழுமையாக வெளிவருமுன்பே மகரந்தக் கூடுகள் வெடித்து, அதே பூவின் சூலகம் கருக்கட்டிவிடுகின்றது. வெளியிலிருந்து மகரந்தம் உட்புகுதல் அரிது. எனவே தாயைப் போலவே பிள்ளையும் அமைகின்றது. உழவன் தன் களத்திலிருந்து ஒரு சாக்கு மணியை ஒதுக்கி வைத்தால், அடுத்த ஆண்டும் அதே பயிரைக் காணலாம். விதைக்காக எவர் வாயிலிலும் நிற்க வேண்டாத உரிமையை இயற்கையே அவனுக்குக் கொடுத்திருந்தது எனலாம்.

இனி, வேறுபட்ட இரு தூயவரிசைகளைக் கலந்து பெறும் முதற் சந்ததி, பெற்றோர் இருவரையும் விஞ்சிய செழிப்போடு வளர்வதுண்டு. இதனைக் கலப்பினவீரியம் என்பர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் சோளப் பயிர்ச்செய்கையை இந்த வீரியமே மாற்றியமைத்தது. சோளத்தில் ஆண்பூ செடியின் உச்சியிலும் பெண்பூ தண்டின் இடையிலும் வெவ்வேறாக உள்ளமையால், தாயாக வேண்டிய வரிசைகளின் உச்சிப் பூவைக் கையாற் பறித்துவிட்டால் போதும். கோடை விடுமுறையிற் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வயல்களில் இறங்கி அவ்வேலையைச் செய்தனர். வாற்கோதுமையிலோ கடுகளவு பூவொன்றைத் திறந்து, மூன்று மகரந்தக் கூடுகளை இடுக்கியால் அகற்ற வேண்டும். ஆராய்ச்சிச் சாலையிற் சில நூறு பூக்களுக்கு இது செய்யத்தக்கது. ஒரு நாட்டின் வயல்களுக்கு வேண்டிய விதையை இவ்வாறு ஆக்கவே முடியாது.

ஆகவே கலப்பின வாற்கோதுமை வேண்டுமாயின், தானாகவே மகரந்தம் அற்றுப் பிறக்கும் தாய்ச்செடி வேண்டும். காட்டிற் பிறந்திருந்தால் கவனிப்பாரற்று அழிந்துபோகும் அந்த மலட்டுச் செடி, இப்பொழுது தேடப்படும் பொருளாயிற்று.

ஒரே ஊரில் இரு செடிகள்

கலிபோர்னியாவிலுள்ள டேவிஸ் என்னும் ஊர் இவ்வரலாற்றில் இருமுறை தோன்றுகின்றது. 1925ஆம் ஆண்டு அங்கே ஹென்றி ஜோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இத்தாலியச் செவ்வெங்காயப் பாத்தியில் விதை கட்டாத ஒரு செடியைக் கண்டார். பூந்தண்டின் நுனியில் அது ஈன்ற சிறு குமிழ்களை நட்டு அச்செடியைக் காப்பாற்றினார். அதன் மலடு தாய்வழியாகவே செல்வது பின்னர் தெளிவாயிற்று. கலத்தின் கருவிலுள்ள பரம்பரையலகுகளும், கருவைச் சூழ்ந்த குழியவுருவும் சேர்ந்து அம்மலட்டைத் தீர்மானிக்கின்றன என்பதை 1943இல் ஜோன்சும் கிளார்க்கும் விளக்கினர். கலப்பின வெங்காயம் அந்த ஒரு செடியிலிருந்து பிறந்தது.

அதே டேவிசில் பணியாற்றிய சுனெசன், வாற்கோதுமையில் ஆண்மலட்டியல்பு ஒன்றை 1940இல் விவரித்து எழுதினார். ஆனால் இந்த மலடு வேறு வகையினது. இது குழியவுருவைச் சார்ந்ததன்று; கருவிலுள்ள பின்னிடைவான பரம்பரையலகு ஒன்றினால் விளைவது. மலட்டுச் செடியை வளமான உறவுச் செடியொன்றின் மகரந்தத்தாலேயே பெருக்க வேண்டியிருப்பதால், கிடைக்கும் பிள்ளைகளிற் பாதி மலடாகவும் பாதி வளமாகவும் பிறக்கும். முழுவதும் மலடான ஒரு தாய்வயலை இதனால் எளிதிற் பெற முடியாது.

வெங்காயத்துக்கும் வாற்கோதுமைக்கும் இடையே இன்னொரு வேறுபாடும் உண்டு. வெங்காயத்திற் சந்தைக்குப் போவது கிழங்கு. கலப்பின வெங்காயம் மலடாயிருப்பினும் உழவனுக்கு இழப்பில்லை. வாற்கோதுமையிற் சந்தைக்குப் போவது மணி. உழவன் வாங்கி விதைத்த செடி மலடாயிருந்தால் அவன் அறுப்பது வெறும் பதர். ஆகவே தாய் மலடாகவும் பிள்ளை வளமாகவும் இருத்தல் வேண்டும். இந்த இரட்டை நிபந்தனையே வாற்கோதுமை ஆராய்ச்சியாளரைப் பல தசாப்தங்கள் அலைக்கழித்தது.

திறந்த வழி

சுனெசன் கண்ட மலட்டை வைத்து இரு வேறு வழிகளிற் செல்லலாம் என்பதை வரலாறு காட்டுகின்றது. முதலாவது திறந்த வழி.

சுனெசனுக்கு முன்னரே, அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹரி ஹாலன் உலகெங்கும் சென்று வாற்கோதுமை வகைகளைச் சேகரித்தவர். மேரி மாட்டினி அவருடைய உடனுழைப்பாளர். பழைய நாட்டு வகைகள் புதிய வகைகளின் வரவால் அழிந்துகொண்டிருக்கின்றன என்று அவ்விருவரும் 1936லேயே எழுதி எச்சரித்தனர். ஹாலன் 28 வகைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கலந்து, அவ்வாறு கிடைத்த 378 கலப்புகளின் விதைகளை ஒன்றாகக் கொட்டி ஒரே வயலில் விதைக்கச் செய்தார். ஆண்டுதோறும் அறுத்த விதையிலிருந்தே அடுத்த ஆண்டு விதைக்கப்பட்டது. மண்ணும் மழையும் நோயும் தேர்வாளராயின.

இத்தகைய கூட்டுப் பயிரில் ஒரு குறை இருந்தது. வாற்கோதுமை தன்மகரந்தச்சேர்க்கை உடையதாதலின், முதற் கலப்புக்குப் பின் வகைகள் தமக்குள் மேலும் கலப்பதில்லை. மலட்டியல்பை அக்கூட்டத்துள் சேர்த்தால் இத்தடை நீங்கும். மகரந்தமற்ற செடியின் பூ அயற்செடியின் மகரந்தத்துக்காகத் திறந்து நிற்கும். காற்றில் வருவதை ஏற்கும். தலைமுறைதோறும் புதிய கலப்புகள் தாமாகவே உண்டாகும். சுனெசனும் அவருடைய உடனுழைப்பாளரும் இவ்வாறு பெருங்கலப்புக் கூட்டங்களை ஆக்கினர். பரிணாமமுறைப் பயிர்விருத்தி என்ற கருத்தை 1956இல் சுனெசன் எடுத்துரைத்தார். பல்வகை விதையை ஓரிடத்திற் பல தலைமுறைகள் போட்டியிட விட்டால், அவ்விடத்துக்கு ஏற்றவை தாமே மேலெழும் என்பது அதன் சாரம்.

இவ்வழியில் மலடு ஒரு கதவைத் திறந்தது. அதனால் விளைந்த விதையை எவரும் சேமிக்கலாம். எவரும் மீண்டும் விதைக்கலாம். விற்பனை செய்வோருக்கு இதில் ஊதியம் இல்லை. இவ்வழி நீண்டகாலம் ஆராய்ச்சி வயல்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகின்றோம்.

அடைத்த வழி

இரண்டாவது வழி கலப்பின விதை. 1960இல் வீபே கலப்பின வாற்கோதுமைக்கான திட்டமொன்றை முன்வைத்தார். 1965இல் அறிசோனாவிலிருந்து றாமேஜ் மிக நுட்பமான முறையொன்றை வெளியிட்டார். நிறமூர்த்தங்கள் பரம்பரையலகுகளைத் தாங்கும் இழைகளாகும். வாற்கோதுமையில் அவை 14. றாமேஜ் பயன்படுத்திய செடியில் ஒன்று மிகுதியாக, 15 இருந்தன. வளத்தைத் தரும் ஆட்சியுடைய பரம்பரையலகை அந்த மிகை நிறமூர்த்தமே தாங்கிற்று. மகரந்தத்தின் வழியே அது அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. சூலின் வழியே ஓரளவு மட்டுமே செல்லும். எனவே இச்செடி தன்னைத்தானே கருக்கட்டும்பொழுது, ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பிள்ளைகள் மிகை நிறமூர்த்தம் இன்றி முற்றிலும் மலடாகவும், எஞ்சியவை தாயைப் போலவும் பிறக்கும். மிகை நிறமூர்த்தமுள்ளவை நலிந்து வளர்வதால் அடர்ந்த விதைப்பில் மற்றவற்றிடம் தோற்றுவிடும். தாய்வயல் கிடைத்துவிட்டது.

1970ஐ ஒட்டி ஹெம்பார் என்ற கலப்பின வாற்கோதுமை அறிசோனாவிற் பயிரிடப்பட்டது. ஆயினும் அது நிலைக்கவில்லை. சில ஆண்டுகளுள் வயல்களிலிருந்து மறைந்தது. வாற்கோதுமையின் மகரந்தம் அளவிற் சிறிது, ஆயுளிலும் சிறிது. காற்று அதனைத் தாய்வரிசைகளுக்குக் கொண்டுசேர்ப்பது நிச்சயமன்று. விதை உற்பத்திச் செலவும் மிகுதி. சோளத்தைப் போலத் தாய்வழிக் குழியவுரு மலடு ஒன்று வாற்கோதுமையிலும் கிடைத்தால் எல்லாம் எளிதாகிவிடும் என்று பலர் எண்ணினர். அந்தச் சோளத்தின் கதையை இங்கே சொல்லாமல் மேற்செல்ல இயலாது. வாற்கோதுமைக்குரிய எச்சரிக்கை அதிலே அடங்கியிருக்கின்றது.

1970 கற்பித்த பாடம்

அமெரிக்காவின் டெக்சாசில் கோல்டன் யூன் என்ற சோளவகையிற் குழியவுரு மலடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அந்த மலட்டைத் தாய்க்கும், அதனை நீக்கும் வளமீட்புப் பரம்பரையலகைத் தந்தைக்கும் கொடுத்தால், பூப் பறிக்கும் கூலியாட்கள் தேவையில்லை. வளமீட்பு முறைக்கு, கனெற்றிக்கட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டொனால்ட் ஜோன்ஸ் விண்ணப்பித்த காப்புரிமை 1956இல் வழங்கப்பட்டது. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் பயனைத் தனியுரிமையாக்கலாமா என்று அறிவியலாளரிடையே கடும் வாதம் எழுந்தது. விதை நிறுவனங்களோடு நடந்த வழக்கு 1970இலேயே இணக்கத்தில் முடிந்தது.

அதே 1970இல் வேறொரு தீர்ப்பும் கிடைத்தது. அப்பொழுது அமெரிக்காவின் சோளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு, டெக்சாஸ் குழியவுரு என்ற ஒரே தாய்மரபைக் கொண்டிருந்தது. இலைக்கருகல் நோய்ப் பூஞ்சணத்தின் புதிய இனமொன்று அவ்வயல்களிற் பரவிற்று. நாட்டின் மொத்தச் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் அழிந்தது. இழப்பு நூறு கோடி டொலர் அளவில் மதிப்பிடப்பட்டது. பூஞ்சணம் உண்டாக்கிய நச்சு, டெக்சாஸ் குழியவுரு கொண்ட செடிகளையே தேடித் தாக்கிற்று.

மலட்டை உண்டாக்கிய காரணமே நோய்க்கும் வாயிலாயிற்று என்பது 1980களில் விளங்கிற்று. கலத்தில் மூச்சுவிடுதலை நடத்தும் இழைமணியிலே, டெக்சாஸ் சோளத்தில் மட்டும் ஒரு விந்தைப் புரதம் உண்டு. மகரந்தத்தைக் கெடுப்பது அப்புரதம். பூஞ்சணத்தின் நச்சு பற்றிக்கொள்வதும் அதனையே.

முன்னரே எவரும் அறிந்திருக்கவில்லையா? 1961இலேயே பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர், இக்குழியவுரு கொண்ட சோளம் அந்நோய்க்கு எளிதில் இலக்காகின்றது என்று தம் நாட்டு விவசாய ஏட்டில் எழுதியிருந்தனர். அவர்கள் குரல் செல்வம் மிகுந்த நாட்டின் விதை நிறுவனங்களைத் தடுத்து நிறுத்தவில்லை. அழிவுக்குப் பின், 1972இல், அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் முக்கிய பயிர்களின் ஒரேதன்மை எவ்வளவு அபாயமானது என்று விரிவான அறிக்கை வெளியிட்டது. சிறிய நாட்டின் ஆய்வு கேட்கப்படாமற் போவதும், பெரிய நாட்டின் இழப்பு உலகப் பாடமாவதும் நாம் பழகிப்போன நிகழ்ச்சிகளே.

காட்டிலிருந்து வந்த மலடு

வாற்கோதுமைக்கு வேண்டிய தாய்வழி மலடு பின்லாந்திற் கிடைத்தது. 1970களின் இறுதியில் ஹன்னு அஹோகாஸ் அதனை விவரித்தார். அதன் மூலம் எது என்பதே நம் கவனத்துக்குரியது. அது பயிரிடப்பட்ட வகையொன்றிலிருந்து வந்ததன்று. காட்டு வாற்கோதுமையின் குழியவுருவிலிருந்து வந்தது. காட்டுப் புல்லின் குழியவுருவிலே நாட்டுப் பயிரின் கரு குடியேறியபொழுது இரண்டுக்கும் இசைவு ஏற்படவில்லை. மகரந்தம் கெட்டது. அந்த மலட்டை நீக்கும் பரம்பரையலகும் காட்டு வாற்கோதுமையிலேயே அகப்பட்டது. இஸ்ரேலிற் சேகரிக்கப்பட்ட காட்டு வகைகள் பல அதனைக் கொண்டிருந்தன. பூட்டும் திறவுகோலும், பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் முதல் மணி பொறுக்கப்பட்ட அதே நிலத்திற் கிடந்தன எனலாம்.

இம்முறையில் மூன்று வரிசைகள் வேண்டும். காட்டுக் குழியவுரு கொண்ட மலட்டுத் தாய் ஒன்று. அதே கருவைச் சாதாரணக் குழியவுருவிற் கொண்டு, மகரந்தம் தந்து அத்தாயை மலடாகவே பெருக்கும் காப்பாளி மற்றொன்று. வளமீட்புப் பரம்பரையலகைக் கொண்ட தந்தை மூன்றாவது. தாயும் தந்தையும் கலந்த விதையே உழவனுக்கு விற்கப்படுகின்றது. அதிலிருந்து வளரும் செடி வளமாய் மணி கட்டும்.

2000களின் தொடக்கத்தில் இம்முறையால் ஆக்கப்பட்ட கொலோசஸ் என்ற ஆறுவரிக் குளிர்கால வாற்கோதுமை பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இத்தகைய கலப்பினங்கள் இடம்பிடித்தன. இவை பெரும்பாலும் கால்நடைத் தீனிக்குரியன. இவற்றை முதலிற் சந்தைப்படுத்திய சிஞ்சென்ரா, 2000ஆம் ஆண்டு உருவான சுவிஸ் நிறுவனம். 2017இல் சீன அரசு நிறுவனமொன்று அதனை வாங்கிற்று.

இரு உறுதிகள்

கலப்பின வாற்கோதுமையின் வெற்றி இரண்டு உறுதிகளில் தங்கியுள்ளது. தாய் எந்த வானிலையிலும் மலடாகவே நிற்க வேண்டும். பிள்ளை எந்த வானிலையிலும் வளமாகவே நிற்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு இயல்புகளையும் வெப்பநிலை சோதிக்கின்றது.

பூ உருவாகும் பருவத்தில் வெப்பம் மிகுந்தால், மலடாக நிற்க வேண்டிய தாய்ச்செடிகளிற் சில திடீரென மகரந்தம் ஈன்று தம்மைத் தாமே கருக்கட்டிவிடுகின்றன. அவ்வாறு விளைந்த மணிகள் கலப்பினமல்ல. வெளித்தோற்றத்தில் அவற்றை வேறுபடுத்தவும் இயலாது. அவை விதைச்சாக்கிற் கலந்து சென்றால், உழவன் விலை கொடுத்தது ஒன்றுக்கு, பெறுவது வேறொன்று. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இழைமணியின் செயலோடு தொடர்புடைய இரு பரம்பரையலகுகளுக்கும் இந்த விரும்பப்படாத வளமீட்புக்கும் உறவு இருப்பதைக் காட்டிற்று. மறுபுறத்தில், வளமீட்பு அரைகுறையாக அமைந்தால் உழவனின் வயலில் மணியற்ற பூக்கள் மிகும். மகரந்தத்துக்காக நெடுநேரம் திறந்து நிற்கும் பூவினுள் எர்கொட் என்னும் நச்சுப் பூஞ்சணம் புகுவதும் எளிது.

இதன் சமுதாயப் பொருளை நாம் சிந்தித்தல் வேண்டும். முன்னாளில் ஒரு வயலின் வளம் மண்ணையும் மழையையும் உழைப்பையும் பொறுத்தது. இப்பொழுது பயிர் கருக்கட்டுமா என்பதே, எங்கோ ஒரு விதைப் பண்ணையில் மூன்று வரிசைகளைப் பேணுவோரின் திறமையையும் நேர்மையையும் பொறுத்ததாகிவிட்டது. உழவன் அறுத்த மணியை மீண்டும் விதைத்தால், கலப்பினவீரியம் குலையும். காட்டுக் குழியவுரு தாய்வழியாகத் தொடர்வதால், வளமீட்புப் பரம்பரையலகு கிட்டாத பிள்ளைகள் மலடாகவே பிறக்கும். எனவே ஆண்டுதோறும் கடைக்குச் செல்ல வேண்டும். விதைக்குள்ளேயே பூட்டு வைக்கப்பட்டுவிட்டது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதை உயிரியலே தடுத்துவிடுகின்றது.

விதை யாருடையது?

இதனாற் கலப்பினங்களை முற்றாக வெறுத்தொதுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. கூடுதலான விளைச்சலை உழவன் விரும்புவது இயல்பு. விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சி ஏரையும் பழமையையும் போற்றிப் பாடுவது முற்போக்காகாது. ஆராய்ச்சி எந்த அமைப்பின் கீழ் நடக்கின்றது, அதன் பயன் எவரைச் சேர்கின்றது என்பனவே நம் கேள்விகள்.

நம் நாட்டு அனுபவமே இதற்குச் சான்று தரும். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1958இல் வெளியான எச் 4 நெல், முருங்கக்காயன், மாஸ் ஆகிய இரண்டையும் கலந்து பெற்றது. அதனைக் கலப்பினம் என்று வழங்கினாலும், அது மேற்கூறிய பொருளிற் கலப்பினமன்று. கலப்புக்குப் பின் பல தலைமுறைகள் தெரிந்தெடுக்கப்பட்டு நிலைபெற்ற வரிசை. அரசு கொடுத்த விதையை உழவன் ஒருமுறை பெற்றான், பின் தன் களத்திலிருந்தே விதைநெல் எடுத்தான், அயலவனுக்கும் கொடுத்தான். விளைச்சலும் பெருகிற்று, விதையும் அவன் கையிலே இருந்தது. இரண்டும் ஒருங்கே இயலும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, காட்டு வாற்கோதுமையின் தாயகத்தை நோக்குவோம். சிரியாவில் அலெப்போ நகருக்கு அண்மையில், தெல் ஹதியாவில், வரண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையம் இயங்கிற்று. வாற்கோதுமையின் நாட்டு வகைகளும் காட்டு உறவுகளும் அதன் விதைக் களஞ்சியத்திலே பேணப்பட்டன. 2011இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அந்நிலையத்தை இடம்பெயர வைத்தது. போருக்கு முன்பே நோர்வேயின் ஸ்வால்பார்டில், பனிமலையின் அடியில் அமைந்த களஞ்சியத்துக்குப் பிரதிகளை அனுப்பத் தொடங்கியிருந்தமையால் அச்செல்வம் அழியாது தப்பிற்று. 2015இல் அக்களஞ்சியத்திலிருந்து முதன்முறையாக விதைகள் மீளப் பெறப்பட்டன. லெபனானிலும் மொரொக்கோவிலும் மீண்டும் விதைக்கப்பட்டன. போரினால் ஊர் இழந்தோர் எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று திகைத்த நாட்களை அறிந்த நம்மவருக்கு இச்செய்தியின் கனம் விளங்காமற் போகாது. ஐரோப்பியச் சந்தையின் கலப்பின வாற்கோதுமைக்கு மலட்டைத் தந்தது காட்டுப் புல். அப்புல்லின் தாயகத்து உழவருக்கு அதன் விலையில் ஒரு பங்கும் இல்லை.

அந்நிலையத்தோடு தொடர்புடைய இன்னொரு முயற்சி, சுனெசன் காட்டிய திறந்த வழியை நமக்கு மீண்டும் நினைவூட்டுகின்றது. 2008இல் சல்வதோரே செக்கரெல்லி என்னும் பயிர்விருத்தியாளர், ஏறத்தாழ 1,600 வாற்கோதுமைக் கலப்புகளின் விதையை ஒன்றாகக் கலந்து, ஈரான் முதலிய நாடுகளின் உழவர்களிடம் வழங்கச் செய்தார். உழவர் அதனை விதைத்தனர், அறுத்தனர், தத்தம் நிலத்துக்கேற்ப மீண்டும் விதைத்தனர், ஒருவருக்கொருவர் பகிர்ந்தனர். வரட்சி வந்தால் வரட்சியைத் தாங்குவன மிஞ்சும். நோய் வந்தால் நோயைத் தாங்குவன மிஞ்சும். எல்லாம் ஒருசேர அழிவதில்லை. 1970இல் ஒரே தாய்மரபை நம்பிய வயல்களுக்கு நேர்ந்த கதி இத்தகைய வயலுக்கு எளிதில் நேராது.

ஒரு செடியின் குறையைக் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதனைப் பயனாக மாற்றுவது மனித அறிவின் பெருமை. வெங்காயப் பாத்தியில் ஒரு மலட்டுச் செடியைப் பிடுங்கி எறியாமற் காத்தவர் கையும், இடுக்கியோடு பூவைத் திறந்தவர் கையும், கதிர் உடையாத புல்லை முதன்முதல் மடியிற் கட்டிக்கொண்டவர் கையும் ஒரே வரிசையிற் சேர்ந்தவை. ஆனால் அவ்வறிவின் கனியைப் பூட்டி வைக்கும் கை வேறு. ஒரே ஆண்மலடு, சுனெசனின் வயலில் விதைகளை ஒன்றோடொன்று உறவாட விட்டது. சந்தையில் உழவனை அவன் விதையிலிருந்து பிரித்தது. குற்றம் பூவினுடையதன்று.

வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில், மலட்டின் உறுதியும் வளத்தின் உறுதியும் ஆராய்ச்சிச் சாலைகளில் இன்னும் பல சோதனைகளைச் சந்திக்கும். அச்சோதனைகள் நடக்க வேண்டியனவே. அவற்றின் முடிவு பொதுமக்களின் பணத்தில், பொதுமக்களின் பார்வையில், பொதுமக்களின் விதைக் களஞ்சியங்களுக்காகப் பெறப்படுமா என்பதை விஞ்ஞானிகள் மட்டும் தீர்மானிக்க முடியாது. ஆராய்ச்சி நிலையங்களுக்கு அரசு எவ்வளவு ஒதுக்குகின்றது, விதைச் சட்டங்கள் எவர் நலனுக்காக எழுதப்படுகின்றன, உழவர் சங்கங்கள் அவற்றை வாசித்துக் கேள்வி கேட்கின்றனவா என்பனவே அதனைத் தீர்மானிக்கும். அடுத்த போகத்துக்கான விதை யாரிடம் இருக்கின்றது என்ற பழைய கேள்வியை, நம் ஊர்ச் சபைகளிலும் சங்கங்களிலும் வகுப்பறைகளிலும் நாம் உரத்துக் கேட்போமாக.